இரண்டு பகடை, முப்பத்தாறு வழி

பிள்ளைகளே, ஐப்பசி பிறந்துவிட்டால் வானகரத்தில் கிரிக்கெட் ஆட இடம் கிடைக்காது. பூந்தமல்லி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் காலி மனைகள்தான் இங்கே பல தெருப் பிள்ளைகளுக்கு மைதானம். வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், ஸ்டம்பு நட்ட இடத்தில் தண்ணீர் தேங்கிவிடும். அதற்காக ஆட்டம் நின்றுவிடுவதில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ‘புக் கிரிக்கெட்’ ஆடுவீர்கள். பாட்டி இருக்கும் வீடென்றால் கூடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயக்கட்டை உருளும்.

இன்று நாம் பேசப்போவது இந்த மழைநாள் ஆட்டங்களைப் பற்றித்தான். பகடைக்கு மட்டை பிடிக்கத் தெரியாது. வேகப்பந்து வருவதும் தெரியாது. அப்படிப்பட்ட பகடையை உருட்டி, நன்றாக ஆடுகிறவர் நிறைய ரன் எடுக்கவும், சுமாராக ஆடுகிறவர் சீக்கிரம் அவுட் ஆகவும் செய்ய முடியுமா? முடியும். அதற்கு ஒன்றே ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ஒரு எண் எத்தனை வழிகளில் விழும் என்று எண்ணத் தெரிய வேண்டும். உங்கள் கணக்குப் புத்தகத்தில் இதற்கு நிகழ்தகவு என்று பெயர்.

மேஜைமேல் ஒரு கால்பந்து

இந்த எண்ணும் வித்தையை வைத்துப் பெரிய விளையாட்டுகளையே மேஜைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். அங்கே மிகவும் பிரபலமான ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து. அது நாம் ஆடும் கால்பந்து அல்ல. இரு முனையும் கூர்த்த பந்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். இல்லாவிட்டால் முன்னால் ஓடும் தோழருக்கு வீசுவார்கள். அணிக்கு 11 பேர். ஒரு கோட்டிலிருந்து மறு கோடுவரை 100 யார்டு, அதாவது 91 மீட்டருக்குச் சற்று அதிகம். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் இன்னும் 4 முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்த்தால் அது டச் டவுன், 6 புள்ளி.

ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஆட்டம் நின்று, மறுபடி தொடங்கும். கிரிக்கெட்டிலும் அப்படித்தான், பந்துக்குப் பந்து ஒரு நிறுத்தம். இப்படி விட்டு விட்டு நடக்கும் ஆட்டங்கள் பகடைக்குத் தோதானவை. ஒரு முயற்சிக்கு ஒரு உருட்டல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பென்சில்வேனியா மாநிலத்தின் லான்காஸ்டர் நகரில் ரிச்சர்ட் சைட்ஸ் என்பவர் ‘ஆப்பா’ என்ற பெயரில் 1951இல், அமெரிக்கர்களின் மட்டை-பந்து ஆட்டமான பேஸ்பாலுக்கு ஒரு பகடை ஆட்டத்தை விற்கத் தொடங்கினார். 1958இல் அதே வரிசையில் கால்பந்து ஆட்டமும் வந்தது. மைதானத்தில் உண்மையில் ஆடும் ஒவ்வொரு வீரருக்கும் இதில் ஒரு அட்டை உண்டு. எளிதில் பிரித்தறியக்கூடிய இரண்டு பகடைகளை உருட்டுவார்கள். ஒன்று பத்தாம் இடம், மற்றது ஒன்றாம் இடம். முதலாவதில் 4, இரண்டாவதில் 2 விழுந்தால் 42. இப்படி 11 முதல் 66 வரை மொத்தம் 36 எண்கள் வரும். அந்த 36இல் எந்த எண்ணுக்கு என்ன நடக்கும் என்பதை அட்டையும் அதனுடன் வரும் பட்டியலும் சொல்லும்.

இதே காலத்தில் நியூயார்க் பக்கம் ஹால் ரிச்மன் என்ற 11 வயதுச் சிறுவன் வேறொரு வழியில் யோசித்துக்கொண்டிருந்தான். கடையில் வாங்கிய பேஸ்பால் விளையாட்டில் வரும் முடிவுகள் அவனுக்குத் திருப்தியாக இல்லை. அதில் பகடை கிடையாது, ஒரு முள்ளைச் சுழற்ற வேண்டும். அவன் பகடையை எடுத்தான். உருட்டி உருட்டி எழுதிவைத்து, எந்தக் கூட்டுத்தொகை அடிக்கடி வருகிறது, எது அரிதாக வருகிறது என்று தானே கண்டுபிடித்தான். வளர்ந்து கல்லூரியில் கணிதம் படித்தார். 1961இல் ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ என்ற பேஸ்பால் ஆட்டத்தை வெளியிட்டபோது அவருக்கு 25 வயதுதான். 1968இல் அதன் கால்பந்து ஆட்டம் வந்தது.

அந்தக் கால்பந்து ஆட்டத்தில் வெறும் அதிர்ஷ்டம் மட்டும் இருந்தால் சலித்துப் போயிருக்கும். பந்து வைத்திருப்பவர் ‘ஓடப்போகிறேனா, வீசப்போகிறேனா’ என்று மனத்துக்குள் முடிவு செய்வார். எதிரே இருப்பவர் அதை ஊகிக்க வேண்டும். ஊகம் சரி என்றால் அட்டையில் ஒரு பத்தியைப் பார்ப்பார்கள், தவறு என்றால் இன்னொரு பத்தி. பகடை இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் எதிராளி ஏமாந்துவிட்டால் கிடைக்கும் யார்டு அதிகம். மூளையும் பகடையும் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது.

புக் கிரிக்கெட்டின் கணக்கு

நம் ஊர் ஆட்டத்துக்கு வருவோம். புக் கிரிக்கெட்டில் புத்தகத்தைத் திறந்து இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்ப்பீர்கள். இடப்பக்கம் எப்போதும் இரட்டை எண். ஆகவே கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 ஆகிய ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கும். 0 என்றால் அவுட். 2, 4, 6 என்றால் அத்தனை ரன். 8க்குத் தெருவுக்குத் தெரு சட்டம் மாறும். நாம் 8 என்றால் ரன் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஐந்து முறை திறந்தால், சராசரியாக ஒவ்வொரு இலக்கமும் ஒரு முறை வரும். ரன் மொத்தம் 2 + 4 + 6 = 12. அவுட் ஒன்று. ஆக, புக் கிரிக்கெட்டில் எந்த ஆட்டக்காரராக இருந்தாலும் சராசரி 12 ரன்தான். நீங்கள் டான் பிராட்மன் பெயரைச் சொல்லித் திறந்தாலும் 12, பத்தாவதாக இறங்கும் பந்துவீச்சாளர் பெயரைச் சொல்லித் திறந்தாலும் 12. ஆனால் டெஸ்ட் போட்டிகளில் பிராட்மனின் உண்மையான சராசரி 99.94. புத்தகத்துக்கு ஆளைப் பார்க்கத் தெரியாது. இதுதான் புக் கிரிக்கெட்டின் குறை. அமெரிக்க ஆட்டங்கள் ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்து இந்தக் குறையைத்தான் போக்கின.

தாயம் ஏன் விழமாட்டேன் என்கிறது?

இப்போது பாட்டியின் தாயக்கட்டையைக் கையில் எடுங்கள். பித்தளையில் செய்த, விரல் நீளமுள்ள இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நீளவாக்கில் நான்கு பக்கம். ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று, நான்காவது வெறும் பக்கம். முனையில் நிற்காது, ஆகவே நான்கில் ஒரு பக்கம் மேலே வந்தே தீரும். இரு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டித் தரையில் விடும்போது ‘கிணிங்’ என்று ஓசை வரும்.

முதல் கட்டை 4 விதமாக விழலாம். அது எப்படி விழுந்தாலும் இரண்டாவது கட்டை 4 விதமாக விழலாம். மொத்தம் 4 × 4 = 16 வழிகள். அந்த 16ஐப் பிரித்து எண்ணிப் பாருங்கள்:

தாயம் (ஒன்று): 2 வழி
இரண்டு: 3 வழி
மூன்று: 4 வழி
நான்கு: 3 வழி
ஐந்து: 2 வழி
ஆறு: 1 வழி
பன்னிரண்டு (இரண்டும் வெறும் பக்கம்): 1 வழி

தாயம் விழ வேண்டுமானால் ஒரு கட்டையில் ஒன்றும் மறு கட்டையில் வெறும் பக்கமும் வர வேண்டும். அதற்கு 2 வழிதான். எட்டில் ஒரு பங்கு. ‘மூணு மூணாவே விழுது, தாயம் விழமாட்டேங்குது’ என்று அலுத்துக்கொள்கிறீர்களே, அதில் கட்டையின் சதி எதுவும் இல்லை. மூன்றுக்கு 4 வழி இருக்கிறது, தாயத்துக்கு 2 வழிதான்.

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எட்டு முறை உருட்டினால் ஒரு முறையாவது தாயம் விழுந்துவிடும் என்று நினைப்போம். அப்படி உறுதி இல்லை. ஒரு முறை தாயம் விழாமல் இருக்க எட்டில் ஏழு வாய்ப்பு. ஏழின் கீழ் எட்டை எட்டு முறை பெருக்கினால் 0.34 வரும். அதாவது மூன்று பேர் தலைக்கு எட்டு முறை உருட்டினால், சராசரியாக அவர்களில் ஒருவர் இன்னும் காய் இறக்காமல் உட்கார்ந்திருப்பார். அவர் தம்பியாக இருந்தால் அழ விடாதீர்கள், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பல வீடுகளில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்று சட்டம் உண்டு. வழிகளைக் கூட்டுங்கள்: 2 + 2 + 1 + 1 = 6. பதினாறில் ஆறு. இந்தச் சட்டத்தை யார் முதலில் வகுத்தார்களோ, அரிதாக விழும் எண்களாகப் பார்த்துத்தான் பரிசு வைத்திருக்கிறார்கள். அடிக்கடி விழும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நான்குக்கும் எதுவும் இல்லை. நம் முன்னோருக்குப் பகடையோடு பழக்கம் நெடுநாளையது. மதுரைக்கு அருகே கீழடியில் தந்தத்தால் செய்த பகடை கிடைத்திருக்கிறது. 2023இல் அங்கே திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தக் காலத்து விளையாட்டுப் பொருள்களைப் பார்க்கலாம்.

ஆளுக்கு ஒரு அட்டை

தாயக்கட்டையை வைத்துவிட்டு, ஆறு பக்கமுள்ள இரண்டு பகடைகளை எடுங்கள். லூடோ பெட்டியில் இருப்பதே போதும். மொத்தம் 6 × 6 = 36 வழிகள். கூட்டுத்தொகை 2 வர 1 வழி (1, 1). 3 வர 2 வழி. 4க்கு 3, 5க்கு 4, 6க்கு 5, 7க்கு 6. அதன்பின் இறங்குமுகம்: 8க்கு 5, 9க்கு 4, 10க்கு 3, 11க்கு 2, 12க்கு 1. சிறுவன் ரிச்மன் உருட்டி உருட்டிக் கண்டுபிடித்தது இதைத்தான்.

இப்போது இரண்டு ஆட்டக்காரர்களுக்கு அட்டை எழுதுவோம். ஒருவர் நிதானமாக ஆடுகிறவர். மற்றவர் எடுத்த எடுப்பில் அடிக்கிறவர்.

நிதானக்காரரின் அட்டை:
2 விழுந்தால் அவுட் (1 வழி)
6, 7, 8 விழுந்தால் ரன் இல்லை (16 வழி)
5, 9 விழுந்தால் 1 ரன் (8 வழி)
4, 10 விழுந்தால் 2 ரன் (6 வழி)
3, 11 விழுந்தால் 4 ரன் (4 வழி)
12 விழுந்தால் சிக்ஸர் (1 வழி)

அதிரடிக்காரரின் அட்டை:
2, 3 விழுந்தால் அவுட் (3 வழி)
7 விழுந்தால் ரன் இல்லை (6 வழி)
6, 8 விழுந்தால் 1 ரன் (10 வழி)
4, 5 விழுந்தால் 2 ரன் (7 வழி)
9, 10 விழுந்தால் 4 ரன் (7 வழி)
11, 12 விழுந்தால் சிக்ஸர் (3 வழி)

ஒரு பந்துக்கு ஒரு உருட்டல். 36 பந்து, அதாவது 6 ஓவர் ஆடினால் சராசரியாக என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். நிதானக்காரர்: 8 ஒன்றுகள் 8 ரன், 6 இரண்டுகள் 12, 4 பவுண்டரிகள் 16, ஒரு சிக்ஸர் 6. மொத்தம் 42 ரன், ஒரு விக்கெட். அதிரடிக்காரர்: 10 + 14 + 28 + 18 = 70 ரன், ஆனால் 3 விக்கெட். ஒரு விக்கெட்டுக்குப் பார்த்தால் நிதானக்காரரின் சராசரி 42, அதிரடிக்காரரின் சராசரி 23 சொச்சம். அதே இரண்டு பகடைகள்தான் உருண்டன. வழிகளைப் பங்கிட்டுக் கொடுத்ததில் இரண்டு ஆட்டக்காரர்கள் பிறந்துவிட்டார்கள்.

பந்துவீச்சாளருக்கும் அட்டை எழுதலாம். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் பேஸ்பாலில் மூன்றாவதாக ஒரு வெள்ளைப் பகடை உண்டு. அதில் 1, 2, 3 விழுந்தால் மட்டையாளரின் அட்டையைப் பார்ப்பார்கள். 4, 5, 6 விழுந்தால் பந்து எறிபவரின் அட்டை. பாதி வாய்ப்பு இவருக்கு, பாதி அவருக்கு. உங்கள் தெரு கிரிக்கெட்டுக்கும் இந்த முறை அப்படியே பொருந்தும்.

பகடைக்கு நினைவு கிடையாது

‘அஞ்சு தடவை உருட்டிட்டேன், ஒரு ஆறுகூட விழல. அடுத்தது கண்டிப்பா ஆறுதான்’ என்று அடித்துச் சொல்கிறவர் எல்லாத் தெருவிலும் உண்டு. பகடைக்கு முந்தைய உருட்டல் நினைவிருக்காது. ஒவ்வொரு முறையும் ஆறில் ஒன்றுதான் வாய்ப்பு. அப்படியானால் நாம் போட்ட சராசரிக் கணக்கு எப்படிப் பலிக்கும்?

எண்ணிக்கை கூடக்கூடப் பலிக்கும். இரண்டு பகடைகளை 36 முறை உருட்டினால் கூட்டுத்தொகை 7 ஆறு முறை வர வேண்டும். உண்மையில் பெரும்பாலும் 2 முறைக்கும் 10 முறைக்கும் நடுவே எதுவும் வரலாம். எதிர்பார்த்ததைப் போல ஒன்றரை மடங்கு வந்தாலும் வியப்பில்லை. 3,600 முறை உருட்டினால் 600 முறை வர வேண்டும். அப்போது பெரும்பாலும் 555க்கும் 645க்கும் நடுவேதான் வரும். எதிர்பார்த்ததிலிருந்து விலகல் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. வகுப்பில் 36 பேர் தலைக்கு 100 முறை உருட்டினால் 3,600 ஆகிவிடும். ஆசிரியரிடம் கேட்டு ஒரு பாடவேளையில் செய்து பாருங்கள்.

ஆறு தொடர்ந்து விழும் வாய்ப்பையும் பாருங்கள். இரண்டு முறை தொடர்ந்து விழ 36இல் ஒன்று. மூன்று முறைக்கு 216இல் ஒன்று. பத்து முறை தொடர்ந்து விழ 6,04,66,176இல் ஒன்று, அதாவது ஆறு கோடிக்கும் மேற்பட்டதில் ஒன்று. அரிய நிகழ்ச்சி என்றால் எவ்வளவு அரியது? பகடையில் பெருக்கிப் பார்த்துவிடலாம். வெள்ளத்திலும் பங்குச் சந்தையிலும் தொலைபேசி இணைப்புகளிலும் இவ்வளவு எளிதாகப் பெருக்க முடியாது. இந்தக் கேள்விக்குப் பெரிய விடை கண்டவர் நம் சென்னையில் 1940இல் பிறந்த எஸ்.ஆர். சீனிவாச வரதன். அவருடைய தந்தை, வானகரத்துக்கு வடக்கே இருக்கும் பொன்னேரியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். வரதன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார்; கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆய்வு செய்தார்; பிறகு நியூயார்க்கில் பேராசிரியர் ஆனார். நிகழ்தகவில் அவர் செய்த வேலைக்காக, குறிப்பாக அரிய விலகல்களுக்கு ஒரே கோட்பாட்டை அமைத்ததற்காக, 2007இல் அவருக்கு ஏபெல் பரிசு கிடைத்தது. கணிதத்தில் உலகின் மிக உயர்ந்த பரிசுகளில் அது ஒன்று.

நேர்மையான பகடை எது?

இதுவரை எல்லாப் பக்கத்துக்கும் வாய்ப்பு சமம் என்று நம்பிக் கணக்குப் போட்டோம். நம்பலாமா? இங்கிலாந்தின் விலங்கியல் அறிஞர் வெல்டன் 12 பகடைகளைச் சேர்த்து 26,306 முறை உருட்டி எழுதிவைத்து, 1894இல் அந்தக் கணக்கைத் தெரிவித்தார். மொத்தம் 3,15,672 பகடை விழுந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,05,224 முறை, 5 அல்லது 6 வந்திருக்க வேண்டும். வந்தது 1,06,602 முறை. 1,378 கூடுதல்.

காரணம் பகடையின் உடம்பிலேயே இருக்கிறது. உங்கள் பகடையை விளக்கருகே பிடித்துப் பாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் 7 வரும்: 6க்கு எதிரே 1, 5க்கு எதிரே 2. புள்ளிகளைக் குழியாகத் தோண்டியிருந்தால், ஆறு குழி உள்ள பக்கம் சற்று எடை குறைவு. ஒரு குழி உள்ள பக்கம் சற்றுக் கனம். கனமான பக்கம் கீழே போக விரும்பும், அதனால் 6 மேலே வரும். ஒன்றிரண்டு ஆட்டத்தில் இது கண்ணுக்கே படாது. லட்சக்கணக்கில் உருட்டினால்தான் தெரியும். வெல்டன் எழுதிவைத்த இந்தக் கணக்கை வைத்துத்தான் கார்ல் பியர்சன் 1900இல், ஒரு விலகல் தற்செயலா இல்லையா என்று சோதிக்கும் முறையைச் செய்து காட்டினார். இன்று புதிய மருந்துகளைச் சோதிக்கிறவர்களும் அந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

புக் கிரிக்கெட்டிலும் இந்தக் கோணல் உண்டு. அடிக்கடி படித்த பக்கத்தில் புத்தகம் தானாக மடிந்து திறக்கும். அந்தப் பக்க எண் 46 என்றால் சிக்ஸர் மழைதான். அது தெரிந்தே முதுகை மடித்து வைக்கிறவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் சண்டை வேண்டாம். அதே புத்தகத்தை 100 முறை திறந்து எழுதுங்கள். ஒவ்வொரு இலக்கமும் 20க்குப் பக்கத்தில் வந்தால் புத்தகம் சரி. 6 மட்டும் 40 முறை வந்தால் புத்தகத்தை மாற்றுங்கள்.

நளன் கற்ற கணக்கு

பகடையில் நாட்டையே இழந்த நளனின் கதை உங்களுக்குத் தெரியும். தம்பி புட்கரனிடம் தோற்று, காட்டில் மனைவி தமயந்தியைப் பிரிந்து, உருமாறி, அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருந்தான். மகாபாரதத்தில் வரும் இந்தக் கதையில் ஒரு அருமையான இடம் இருக்கிறது. தேர் போகும் வழியில் ஒரு தான்றி மரம். அந்த நாளில் தான்றிக் காய்களையே பகடையாக வீசி ஆடுவார்கள். மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் இலைகளும் காய்களும் எத்தனை என்று மன்னன் சொல்லிவிடுகிறான். நளனுக்கு நம்பிக்கை இல்லை. தேரை நிறுத்தி, இறங்கி, எண்ணிப் பார்க்கிறான். கணக்கு சரியாக இருக்கிறது. எனக்குப் பகடையின் நுட்பமும் எண்ணின் நுட்பமும் தெரியும் என்கிறான் மன்னன். தன் குதிரை வித்தையைக் கொடுத்துவிட்டு அந்த வித்தையை நளன் வாங்கிக்கொள்கிறான். பிறகு ஆடிய ஆட்டத்தில் நாடு திரும்பக் கிடைக்கிறது.

ஒரு மரத்து இலைகளை மதிப்பிடுவதும் பகடையைப் புரிந்துகொள்வதும் ஒரே அறிவின் இரு பக்கங்கள் என்று அந்தக் கதை சொன்னவருக்குத் தெரிந்திருக்கிறது. ஐரோப்பாவில் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிச் சூதாட்டக் கணக்கை ஆராய்ந்தது 1654இல்தான். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். கணக்கு தெரியாமல் பணயம் வைத்து ஆடித்தான் நளன் நாட்டை இழந்தான். சூதைக் கண்டிக்க வள்ளுவர் ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். செல்போனில் காசு கட்டி ஆடச் சொல்லும் ஆட்டங்களில் வழிகளைப் பங்கிடுகிறவர் நீங்கள் அல்ல. அட்டை எழுதுகிறவர் கைதான் அங்கே எப்போதும் ஓங்கியிருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மழையை ஒத்திகை பார்ப்பவர்கள்

1946இல் கணித அறிஞர் ஸ்டானிஸ்லா உலாம் உடல்நலமின்றி ஓய்வில் இருந்தார். பொழுது போகத் தனியாகச் சீட்டு ஆடினார். அந்த ஆட்டம் கைகூடும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தார். மிகவும் சிக்கலாக இருந்தது. நூறு முறை ஆடி, எத்தனை முறை கைகூடியது என்று எண்ணிவிட்டால் என்ன என்று அப்போது தோன்றியது. அந்த யோசனையை நண்பர் வான் நாய்மனிடம் சொன்னார். சீட்டுக்குப் பதில் கணினியை வைத்து, அணுப்பிளவுப் பொருளுக்குள் நியூட்ரான்கள் எப்படிப் பாயும் என்று ஒத்திகை பார்த்தார்கள். சூதாட்ட விடுதிகளுக்குப் பேர்போன ஊரின் பெயரால் அது ‘மான்டி கார்லோ முறை’ என்று வழங்குகிறது.

ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் பெட்டியில் இருப்பதும், உங்கள் இரண்டு பகடை கிரிக்கெட்டில் இருப்பதும் அதே முறைதான். உண்மையில் நடக்கக்கூடியதைப் பகடையால் பலமுறை நடத்திப் பார்த்து எண்ணுகிறோம்.

வானகரத்துக்கு மழை வருமா என்று பார்க்கிறவர்களும் இதற்கு நெருங்கிய ஒன்றைச் செய்கிறார்கள். வங்கக் கடலின் இன்றைய காற்றையும் வெப்பத்தையும் துல்லியமாக அளக்க முடியாது. அளவில் சிறு பிழை இருக்கும். ஆகவே கணினியில் ஒரே ஒரு முறை கணக்குப் போடாமல், தொடக்க அளவுகளைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பலமுறை போடுகிறார்கள். இந்திய வானிலைத் துறைக்காக 2018இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் இப்படி 21 ஒத்திகைகள் ஓடும். அவற்றில் பெரும்பாலானவை கனமழை என்று சொன்னால் வாய்ப்பு அதிகம். சிலதான் சொன்னால் வாய்ப்பு குறைவு. ‘அறுபது சதவீதம் மழைன்னாங்க, பெய்யவே இல்லையே’ என்று அடுத்த முறை யாராவது சொன்னால், மீதி நாற்பதை நினைவுபடுத்துங்கள். பள்ளிக்கு விடுமுறை விடுவதா, கூவம் கரையோரத்து மக்களை மேட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கணக்கை நீங்கள் சின்ன வயதிலேயே நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

செய்து பாருங்கள்

மழை விட்டதும் மைதானத்துக்குப் போவீர்கள். அப்போது கையில் ஒரு நோட்டும் இருக்கட்டும். உங்கள் அணியில் ஒருவர் சந்தித்த பந்துகளை எழுதுங்கள்: எத்தனை ரன் இல்லாதவை, எத்தனை ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு, எத்தனை அவுட். 72 பந்து சேர்ந்ததும் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். 36 பந்தின் கணக்கு வந்துவிடும். இனி அதற்கு ஏற்ற எண்களைத் தேடுங்கள். 36இல் 3 அவுட் என்றால் கூட்டுத்தொகை 10ஐ அவுட்டுக்குக் கொடுக்கலாம்; அல்லது 2ஐயும் 3ஐயும் கொடுக்கலாம். கூட்டுத்தொகை ஒத்துவராவிட்டால் ஆப்பா முறையில் இரு நிறப் பகடைகளை எடுத்து 11 முதல் 66 வரை 36 கட்டங்களில் எழுதுங்கள். பதினொரு பேருக்கும் எழுதிவிட்டால் அடுத்த மழைக்கு உங்கள் தெரு அணியே கூடத்தில் ஆடும்.

கடைசியாக ஒரு கேள்வி. பதினொரு பேரும் நிதானக்காரர்களாக உள்ள ஒரு அணி, பதினொரு பேரும் அதிரடிக்காரர்களாக உள்ள ஒரு அணி. மேலே எழுதிய அட்டைகளே. 20 ஓவர் போட்டி என்றால் 120 பந்து; கணக்குப்படி நிதான அணி 140 ரன், அதிரடி அணி சுமார் 233 ரன். அதிரடி அணி எளிதாக வெல்லும். 50 ஓவர் போட்டியிலும் அதே அணி வெல்லுமா? அதிரடி அணியின் பத்து விக்கெட்டும் எத்தனை பந்தில் விழும் என்று முதலில் பாருங்கள். நிதான அணி எந்தப் பந்தில் அதன் ரன்னை எட்டிப் பிடிக்கும் என்றும் கண்டுபிடியுங்கள். முதலில் ஊகியுங்கள், பிறகு கணக்குப் போடுங்கள், அதன்பின் பகடையை உருட்டிச் சரிபாருங்கள்.

விடை: அதிரடி அணி சராசரியாக 120 பந்திலேயே ஆட்டமிழந்துவிடும். நிதான அணி 200ஆவது பந்தில் அதை எட்டிப் பிடிக்கும். 50 ஓவர் முடியும்போது அதன் ரன் 350. வெற்றி நிதான அணிக்கு.